நாலு வாத்து, 2,000 லிட்டர் தொட்டி, மூணே நாள்ல கூவம்: வீட்டுலயே ஃபில்டர் செஞ்சவங்க சொல்லுங்க

செம்பாக்கம்_வாத்துவீடு:

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

போன வருஷம் எங்க தெருவுல டிவிஎஸ் ஃபிஃப்டியில கூடை கட்டி கலர் கோழிக்குஞ்சு விக்கறவர் வந்தார். பையன் அழுது அடம்பிடிச்சு நாலு வாத்துக்குஞ்சு வாங்கினான். ஒண்ணாவது தங்குமான்னு நெனச்சேன். நாலும் தங்கிடுச்சு. இப்போ ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கும். மூணு பொட்டை, ஒரு ஆண். முட்டை வருது, அதுல ஒண்ணும் குறையில்ல.

ஆறு மாசம் பிளாஸ்டிக் டப்புல ஓட்டினேன். அப்புறம் வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பின்கட்டுல தொட்டி கட்டினார். தரைமேலயே, 8 அடிக்கு 6 அடி, சுவர் ரெண்டடி உயரம். ஒன்றரை அடிக்குத் தண்ணி நிக்கும். கணக்குப் போட்டா சுமார் 2,000 லிட்டர். ஏறி இறங்க சரிவா ஒரு பலகை. பாக்க அழகா இருந்துச்சு, முதல் நாள்.

ரெண்டாம் நாள் பழுப்பு. மூணாம் நாள் பச்சையும் பழுப்பும் கலந்து ஒரு நிறம், கூடவே நாத்தம். மாடியில குடியிருக்கற அம்மா ஜன்னலைச் சாத்தற சத்தம் எனக்குக் கேக்கணும்னே சாத்தறாங்க. மூணு நாளைக்கு ஒருதரம் மொத்தத் தண்ணியும் இறைச்சுக் கொட்டறேன். மாசத்துக்கு 20,000 லிட்டர் ஆகுது. எங்க போர் ஏப்ரல் பாதியிலயே இருமத் தொடங்கிடும். லாரித் தண்ணி வாங்கி வாத்துக்கு ஊத்தறேன்னு சொன்னா எங்கம்மா என்னைப் பாக்கற பார்வை இருக்கே!

இதுவரை பண்ணினது:
மீன் தொட்டிக் கடையில ஒரு ஃபில்டர் குடுத்தாங்க, ஸ்பான்ஜ் வெச்சது. நாப்பது நிமிஷத்துல அடைச்சுக்கிச்சு.
படிகாரம் போட்டேன். ஒரு நாள் தெளிஞ்சுது. வாத்து இறங்கினதும் பழைய கதை.
மாமியார் தேற்றாங்கொட்டை உரசி விடச் சொன்னாங்க. அதுவும் அப்படித்தான்.
இப்போ வாட்ஸாப்ல ஒருத்தர் மயில்துத்தம் போட்டா பாசியே வராதுங்கறார். போடலாமா?

விலை கூடின ஃபில்டர் எல்லாம் வாங்கற நிலைமையில்ல. மொட்டை மாடியில பழைய 500 லிட்டர் கருப்புத் தொட்டி ஒண்ணு கிடக்கு, மூடிகிட்ட விரிசல். 200 லிட்டர் நீல டிரம் ஒண்ணும் இருக்கு. இதை வெச்சு ஏதாவது முடியுமா?

பிரியாணி_மாஸ்டர்:

நாலு வாத்து, நாலு கிலோ சீரகச் சம்பா. தண்ணிப் பிரச்சினை ஒரே ஞாயித்துக்கிழமையில தீந்துடும்.

செம்பாக்கம்_வாத்துவீடு:

பையன் இதைப் படிச்சுட்டான். உங்க முகவரி கேக்கறான்.

ஸ்லட்ஜ்_தாத்தா:

அம்மா, முதல்ல மயில்துத்தத்தைத் தொடாதீங்க. பாசி சாகும், வாஸ்தவம். செத்த பாசி அதே தண்ணியில அழுகும், நாத்தம் இன்னும் ஏறும். மயில்துத்தத்துல இருக்கற செம்பு எங்கேயும் ஆவியாப் போயிடாது, அடிச் சேத்துல தங்கும். அந்தச் சேத்தைத்தான் வாத்து அலகை விட்டுத் துழாவும். அதே தண்ணியை நீங்க வாழைக்கும் ஊத்துவீங்க.

படிகாரமும் தேற்றாங்கொட்டையும் தப்பில்ல. கலங்கல்ல இருக்கற தூளை ஒண்ணாச் சேத்துக் கீழ இறக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. மேல இருந்த அழுக்கு கீழ போச்சே தவிர வீட்டை விட்டு வெளிய போகல. வாத்து ஒரு உதை விட்டா திரும்ப மேல வந்துடும்.

நான் 31 வருஷம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல ஆபரேட்டர். கொடுங்கையூர், பெருங்குடி ரெண்டுலயும் இருந்திருக்கேன். ரிட்டயர் ஆகி குன்றத்தூர் பக்கம் வீடு கட்டி ஆறு வாத்து வளக்கறேன். ஊரோட சாக்கடையையே தெளிய வெச்சவனை இந்த ஆறும் ரெண்டு வருஷம் தண்ணி காட்டிடுச்சு. அதனால கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

எதையும் வாங்கறதுக்கு முந்தி ஒரு சோதனை. பிளாண்ட்ல தினமும் காலையில இதைத்தான் முதல்ல செய்வோம், ஒரு லிட்டர் ஜாடியில பிடிச்சு அரை மணி நேரம் வெக்கறது. உங்க வீட்டுல உள்ள இருக்கறது தெரியற மாதிரி ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் இருக்கும். வாத்து நல்லா கலக்கிட்டு இருக்கற நேரத்துல தொட்டி நடுவுல இருந்து முழுசாப் பிடிங்க. நிழல்ல, ஆட்டாம, சரியா 30 நிமிஷம். அப்புறம் மூணு விஷயம் சொல்லுங்க. அடியில எத்தனை விரல் படிஞ்சிருக்கு? மேல நிக்கற தண்ணி என்ன நிறம்? படிஞ்சதை விரல்ல எடுத்துத் தேச்சா நறநறங்குதா, வழவழங்குதா?

இது தெரியாம ஃபில்டர் கட்டறது, ஜுரம் பாக்காம ஊசி போடற மாதிரி.

செம்பாக்கம்_வாத்துவீடு:

பண்ணிட்டேன் ஐயா. அடியில மூணு விரல்! என் விரல்தான், சின்ன விரல். மேல வெளிர்பச்சை, ஆனா பாட்டிலுக்குப் பின்னால பேப்பர் வெச்சா எழுத்து தெரியுது. தேச்சா நறநறன்னு இருக்கு, நாக்குல பட்ட மணல் மாதிரி. (நாக்குல வெக்கல.)

ஸ்லட்ஜ்_தாத்தா:

நறநறன்னா மண்ணு. எச்சம்னா வழுக்கும். உங்க தொட்டியில பாதிக்கு மேல மண்ணும்மா. அது வாத்தோட வயித்துல இருந்து வரல, காலோடயும் மூக்கோடயும் வருது. தொட்டியைச் சுத்தித் தரை எப்படி?

செம்பாக்கம்_வாத்துவீடு:

வெறும் மண் தரைதான். தொட்டியில இருந்து வழியற தண்ணியால எப்பவும் சேறு.

பொன்னேரி_ஆளு:

அக்கா, எங்க தாத்தா அறுப்பு முடிஞ்ச வயல்ல வாத்து மேய்ச்சவர். ஆயிரம் உருப்படியை ஓட்டிக்கிட்டுத் திருவள்ளூர்ல இருந்து செங்கல்பட்டு வரைக்கும் போவார். அவர் சொல்ற ஒரே பேச்சு, வாத்துக்கு வாய்தான் கை. ஈர மண்ணைப் பாத்தா அலகை விட்டு நோண்டும், வாயி நிறைய சேத்தை எடுத்துக்கிட்டு நேரா தண்ணிக்குப் போயி அலசும். உங்க தொட்டி அதுக்கு வாஷ்பேசின்.

அதனால தொட்டியைச் சுத்தி நாலடிக்கு மண்ணே இருக்கக்கூடாது. தீனித்தட்டைத் தொட்டிகிட்ட வெக்காதீங்க, அந்தப் பக்கக் கடைசிக்குக் கொண்டு போங்க. தவிடு, நொய், கம்பு எது போட்டாலும் ஒரு வாய் தின்னுட்டு ஓடிப் போய்த் தண்ணி குடிக்கும், வாயில ஒட்டின மாவு பூரா தண்ணியில. தீனிகிட்டயே ஒரு பக்கெட் வைங்க, தலை முழுசா முங்கற ஆழத்துக்கு. மூக்கும் கண்ணும் கழுவிக்க அது போதும். வாத்துக்குத் தொட்டிங்கறது சந்தோஷத்துக்கு, பக்கெட்தான் அவசியம்.

இன்னொண்ணு, நாள் பூரா தொட்டியில விடாதீங்க. காலையில எட்டு ஒன்பது மணி வரைக்கும் கொட்டாய்லயே அடைச்சு வைங்க. வாத்து விடியக்காலமே முட்டையிட்டுடும், முட்டையும் தொட்டியில விழாது, ராத்திரி எச்சமும் கொட்டாய் வைக்கோல்லயே போயிடும். அப்புறம் காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் நீச்சல். தொட்டிக்கு ஓய்வு குடுங்க.

மே மாசத்துல ஒண்ணு கவனிங்க. வாத்து திடீர்னு நடக்க முடியாம உக்காந்து, கழுத்து துவண்டு தரையில சாஞ்சா, அது வெயில் மயக்கம்னு மட்டும் நெனச்சு விட்டுடாதீங்க. சூட்டுல அழுகின சேறு, அதுல செத்த பூச்சி, எலி, புழு இதுல உருவாகற நஞ்சு அது. பாட்யுலிசம்னு டாக்டர் சொல்லுவார். உடனே அந்தத் தண்ணியில இருந்து வெளிய எடுத்து நல்ல தண்ணி காட்டி டாக்டர்கிட்ட ஓடணும். உங்களுக்குக் காட்டுப்பாக்கம் கேவிகே (வேளாண் அறிவியல் நிலையம்) ரொம்ப தூரமில்ல, வளர்ப்பு சந்தேகம் எதுவானாலும் கேக்கலாம்.

ஸ்லட்ஜ்_தாத்தா:

பொன்னேரித் தம்பி சொன்னதுல என் வேலை பாதி முடிஞ்சுது. மீதி பாதிக்கு உங்க கருப்புத் தொட்டியும் டிரம்மும் போதும்.

முதல்ல நான் கெட்ட கதை. ஊரடங்கு சமயத்துல சும்மா இருக்க முடியாம டிரம்முல மணலும் கரியும் போட்டு ஃபில்டர் கட்டினேன், பள்ளிக்கூடப் புத்தகத்துல படம் போட்டிருக்குமே அதே மாதிரி. ரெண்டே நாள்ல மேல ஒரு தோல் படிஞ்சு சொட்டுத் தண்ணி இறங்கல. 31 வருஷ அனுபவம்! மணல் ஃபில்டர் ஏற்கனவே தெளிஞ்ச தண்ணிக்கு. சாக்கடைக்கு முதல்ல வேண்டியது நிக்கற இடம். ஓடற தண்ணி நின்னா கனமானது கீழ போகும். அதுக்கு ஒரு பைசா செலவில்ல. அப்புறம் தென்னை நார் போட்டுப் பாத்தேன், மூணு மாசத்துல அதுவே அழுகித் தண்ணி காபி நிறமாச்சு. அதையும் விட்டேன்.

இப்போ உங்க 500 லிட்டர் தொட்டி. அதுதான் நிக்கற இடம். வாத்துத் தொட்டி ஓரமா நாலு வரிசை செங்கல் அடுக்கி அதுமேல இதை ஏத்துங்க. அடியோரத்துல ரெண்டு இஞ்ச் டேங்க் நிப்பிள் (தொட்டியில குழாய் மாட்டற இணைப்பு) போட்டு பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பித் திறக்கறது). முக்காலோ ஒண்ணோ போட்டா இறகு அடைச்சு அழுவீங்க, ரெண்டு இஞ்ச்தான். தொட்டியோட அடி தட்டையா இருக்கும், வால்வைத் திறந்தா அந்த மூலைச் சேறு மட்டும் போகும், மீதி அங்கேயே உக்காந்திருக்கும். அதனால உள்ள சிமென்ட் கலவையை நிப்பிளைப் பாத்துச் சரிவா பூசிடுங்க. பிளாஸ்டிக்ல சிமென்ட் ஒட்டாது, ஆனா கனத்துல உக்காந்துக்கும். ஒரு வாரம் தண்ணி கட்டி ரெண்டு தரம் கழுவிக் கொட்டின பிறகே ஓட விடுங்க, காரம் போகணும்.

வாத்துத் தொட்டியில இறக்கற பம்புல இருந்து வர்ற குழாயை அப்படியே இந்தத் தொட்டிக்குள்ள விட்டீங்கன்னா உள்ள இருக்கறதையும் சேத்துக் கலக்கும். 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் ஒண்ணு எடுத்து அடியை அறுத்துடுங்க. அதைத் தொட்டி நடுவுல, வாய் தண்ணிக்கு மேல கொஞ்சம் தெரியற மாதிரி, ஒரு கம்பியில தொங்க விடுங்க. குழாய் வாய் அந்தப் பக்கெட்டுக்குள்ள. தண்ணி பக்கெட்டுக்குள்ள கீழ இறங்கி, அடியில திரும்பி, வெளிப்பக்கமா மெதுவா மேல ஏறும். திரும்பற இடத்துல சேறு திரும்பாது, விழுந்துடும். முதல் நாள் மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க, நான் மணிக்கணக்கா பாத்திருக்கேன்.

அங்க இருந்து மேல் விளிம்புகிட்ட இன்னொரு ரெண்டு இஞ்ச் குழாய் வழியா நீல டிரம்முக்கு. குழாய் வாய்ல கோழிவலை, இறகுக்காக. டிரம்முல தண்ணி அடியில போய் மேல வழியணும். உள்ள என்ன போடறதுன்னா, கிருமி ஒட்டிக்க இடம் குடுக்கற எதுவும். கடையில பயோ பால்னு விலை சொல்லுவாங்க. நான் போட்டிருக்கறது சோடா பாட்டில் மூடி, வெங்காய மூட்டை வலைப் பையில கட்டி. கோயம்பேட்டுல வெங்காயம் வாங்கறவங்க யாரையாவது கேட்டா பை சும்மா குடுப்பாங்க. மூடி கிடைக்கலைன்னா செங்கல் உடைச்ச துண்டு, பழைய ஓட்டுச் சில்லு. ஜல்லின்னா ஒன்றரை ஜல்லி போடுங்க, பேபி ஜல்லி வேண்டாம், மணல் கதைதான்.

இந்த டிரம் அழுக்கை வடிகட்டறதுக்கு இல்ல. கண்ணுக்குத் தெரியாத அம்மோனியாவுக்கு. அந்த மூக்கைத் துளைக்கற வாடை அதுதான். மூடியில ஒட்டற கிருமி அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், வேற கிருமி அதை நைட்ரேட் ஆக்கும். அதுங்க குடியேற நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை "ஐயா, ஒண்ணும் நடக்கலையே"ன்னு எழுதாதீங்க. டிரம்மை மெட்ரோ தண்ணியில கழுவாதீங்க, குளோரின் அத்தனையையும் கொன்னுடும். அலசணும்னா அதே தொட்டித் தண்ணியில ஒரு முக்கு, போதும்.

டிரம்முல இருந்து வழியற தண்ணி நேரா வாத்துத் தொட்டிக்கு விழலாம், ஒரு அடி உயரத்துல இருந்து விழட்டும், காத்து கலக்கும். இடம் இருந்தா நடுவுல ஒரு சின்னத் தொட்டி கட்டி முக்கால் ஜல்லி போட்டுக் கல்வாழையும் சேம்பும் வைங்க. நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கும். வாத்து எட்டாத மாதிரி வலை போடணும், இல்லைன்னா ஒரே மத்தியானத்துல தழை காலி.

தினமும் காலையில வால்வைத் திறந்து ரெண்டு மூணு பக்கெட் சேத்தை வாழைக்கு விடுங்க. இதை மட்டும் செய்ய மாட்டேன்னா மேல எழுதின எதையும் கட்டாதீங்க. சேத்தை வெளியேத்தாத ஃபில்டர் சேறு சேத்து வெக்கற பெட்டி. பிளாண்ட்ல புது ஆளுக்கு நாங்க முதல்ல கத்துக் குடுக்கறதே வால்வு திறக்கத்தான்.

கொளத்தூர்_பம்ப்:

தாத்தா சொன்னதுல பம்ப் விட்டுப் போச்சு, அது நம்ம ஏரியா. அக்கா, பம்ப் பெட்டியில மணிக்கு 3,000 லிட்டர்னு போட்டிருக்கறது உயரமே ஏத்தாம வர்ற கணக்கு. பக்கத்துலயே அதிகபட்ச உயரம் 2.5 மீட்டர்னு சின்னதா இருக்கும், அந்த உயரத்துல ஒரு சொட்டும் வராது. உங்க செங்கல், தொட்டி எல்லாம் சேத்து ஒண்ணேகால் மீட்டர் ஏத்தணும், ஆக பாதிதான் வரும், மணிக்கு 1,500 லிட்டர். அது உங்களுக்குச் சரியான அளவுதான். 500 லிட்டர் தொட்டியில இருபது நிமிஷம் தண்ணி நிக்கும். பெருசு வாங்கினா தொட்டியில நிக்கவே நிக்காது. அழுக்குத் தண்ணி பம்புன்னு கேட்டு வாங்குங்க, ஃபவுண்டன் பம்ப் இறகுக்குத் தாங்காது. அதையும் பால் டிரேக்குள்ள வெச்சுக் கோழிவலை சுத்துங்க.

கரண்ட்: 60 வாட்னா நாளைக்கு ஒண்ணரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி, ரெண்டு மாச பில்லுல 86 யூனிட். ஏற்கனவே 450 ஓடற வீடுன்னா 500-ஐத் தாண்டி ஸ்லாப் மாறும், பாத்துக்கோங்க. ராத்திரி நிறுத்தி மிச்சம் பிடிக்கலாம்னு நெனைக்காதீங்க, டிரம்முல இருக்கற கிருமிக்குக் காத்து வேணும்.

30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே வெட்டற சுவிட்ச்) இல்லாம தண்ணியில பம்ப் இறக்கவே கூடாது. பையன் இருக்கற வீடு. இதுக்கு மட்டும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, யூடியூப் வேண்டாம்.

செம்பாக்கம்_வாத்துவீடு:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு கேள்வி. ஒண்ணு, மாநகராட்சியில இருந்து கொசுப்புழு பாக்க வர்றாங்க, தொட்டி, டிரம், செடித் தொட்டின்னு மூணு இடத்துல தண்ணியைப் பாத்தா என்ன சொல்லுவாங்களோ. ரெண்டு, சுத்தி முக்கால் ஜல்லி கொட்டிட்டேன், நேத்து ஆண் வாத்து நொண்டுது.

பொன்னேரி_ஆளு:

ஐயோ அக்கா, உடைச்ச ஜல்லி கத்தி மாதிரி. வாத்தோட பாதம் நம்ம உதடு மாதிரி மெத்துன்னு இருக்கும். அதுல கீறல் விழுந்து சேறு ஏறினா உள்ள கட்டி பிடிச்சுக்கும். ஜல்லி அடியில இருக்கட்டும், மேல கூழாங்கல் ஒரு சாண் போடுங்க, இல்லைன்னா ஓட்டை போட்ட ரப்பர் மேட்டு. நொண்டறதைப் பிடிச்சுப் பாதத்தைக் கழுவிப் பாருங்க. கருப்பா பொருக்கு இருந்தா டாக்டர், வெறும் கீறல்னா ரெண்டு நாள் காஞ்ச வைக்கோல்ல வைங்க.

ஸ்லட்ஜ்_தாத்தா:

கொசு வாத்துத் தொட்டியில வராது, புழுவை அதுங்களே சாப்பிட்டுடும். நம்ம சூட்டுல முட்டை கொசுவா ஆக ஏழெட்டு நாள் போதும், அதனால 500 லிட்டர் தொட்டிக்கும் டிரம்முக்கும் கொசுவலையை இழுத்துக் கட்டுங்க, விரிசல் விட்ட மூடியை நம்பாதீங்க. செடித் தொட்டியில ஜல்லிக்கு மேல தண்ணி தெரியக்கூடாது, தெரிஞ்சா பத்து கப்பி மீன் விடுங்க. வர்றவங்களுக்கு நீங்களே மூடியைத் திறந்து காட்டுங்க, அவங்களும் வெயில்ல அலையறவங்கதான்.

தொட்டியில பாதிக்குப் பச்சை வலை நிழல் போட்டீங்களா? அந்த வெளிர்பச்சைக்கு அதுதான் மருந்து. சேறு அள்ளும்போது கையுறை, காலுக்கு பூட்ஸ். எலி வர்ற இடம், எலிக்காய்ச்சல் கீறல் வழியா வரும்.

என் டிரம்முல இருந்து ஒரு பை மூடி தர்றேன். கிருமி ஏற்கனவே குடியிருக்கு, உங்களுக்கு ரெண்டு வாரம் மிச்சமாகும். அரை பக்கெட் தொட்டித் தண்ணியில முக்கியே எடுத்துட்டுப் போகணும், காய விட்டா வெறும் பிளாஸ்டிக்.

செம்பாக்கம்_வாத்துவீடு (ஏழு வாரம் கழிச்சு):

கடன் பாக்கி மாதிரி உறுத்துது, அதான் எழுதறேன்.

வீட்டுக்காரர் பல்லாவரம் பஸ் ஸ்டாண்டுல ஐயாகிட்ட அந்தப் பக்கெட்டை வாங்கி பைக் முன்னாடி வெச்சு ஓட்டிட்டு வந்தார். சிக்னல்ல பக்கத்து ஆட்டோக்காரர் "என்ன சார், மீனா?"ன்னு கேட்டிருக்கார். "மூடி"ன்னு சொல்லியிருக்கார். அதுக்கப்புறம் அவர் எதுவும் கேக்கலையாம்.

முதல் மூணு வாரம் ஒண்ணும் தெரியல. எழுதாதீங்கன்னு சொன்னதால எழுதல. நாலாவது வாரம் ஒருநாள் காலையில துணி காயப் போடப் போனேன், போட்டு முடிச்சு உள்ள வந்த பிறகுதான் உறைச்சுது, முந்தானையால மூக்கைப் பொத்தாமயே இருந்திருக்கேன்.

பக்கெட் விஷயம் அப்படியே ஐயா சொன்ன மாதிரி. டார்ச் அடிச்சா நடுவுல இறங்கற தண்ணி புகை மாதிரி சுத்தி, கீழ போய், வெளிப்பக்கம் வர்றப்போ தெளிவா ஏறுது. பையன் இப்போ டிவி பாக்கறதில்ல, இதைப் பாக்கறான்.

ஒரு கூத்தும் நடந்துச்சு. காலையில வால்வைத் திறந்தேன், உள்ள போன் அடிச்சுது, அக்கா பேசினா, அக்கா பேசினா தெரியுமே. அரை மணி கழிச்சு வந்து பாத்தா 500 லிட்டரும் வாழைக்குப் போயிருக்கு, பம்ப் பாட்டுக்கு தொட்டித் தண்ணியை மேல ஏத்தி ஏத்தி அதையும் வாழைக்கே அனுப்பிட்டு இருக்கு. தொட்டியில முழங்காலுக்குக் கீழ தண்ணி, நாலு வாத்தும் நடுவுல நின்னு என்னைப் பாத்துச்சு. இப்போ பம்ப் சுவிட்ச்ல கயிறு கட்டி அதோட நுனியை வால்வு கைப்பிடியில மாட்டியிருக்கேன். சுவிட்சை நிறுத்தாம கயிறு கழலாது. பம்பையும் ரெண்டு செங்கல் மேல ஏத்திட்டேன், இனிமே மொத்தத் தண்ணியும் போகாது.

போன வாரம் ராத்திரி அஞ்சு மணி நேரம் கரண்ட் இல்ல. வந்து ஓட ஆரம்பிச்சதும் அழுகின முட்டை வாடை. அது ஏன்?

தண்ணிக் கணக்கு: நாளைக்கு ரெண்டு மூணு பக்கெட் சேறு, மாசத்துக்கு 1,200 லிட்டர் வரும். வெயில்ல வத்தறதுக்கு மேல கொஞ்சம் ஊத்தறேன். முழுசா இறைச்சது இந்த ஏழு வாரத்துல ஒரே தரம், அதுவும் அக்கா புண்ணியத்துல. வாழை குலை தள்ளியிருக்கு. மாடி அம்மாவுக்கு வாரத்துக்கு ஆறு முட்டை குடுக்கறேன். ஜன்னல் திறந்திருக்கு, ஃபில்டராலயா முட்டையாலயான்னு கேக்கல.

நேத்து அதே பாட்டில்ல அதே அரை மணி நேரம் வெச்சேன். அடியில நகம் அளவு கூட இல்ல. ஆனா மேல தண்ணி டீ நிறத்துல நிக்குது ஐயா. தெளிவாத்தான் இருக்கு, எழுத்து தெரியுது, ஆனா டீ. மறுபடி ஏதாவது தப்பா?

ஸ்லட்ஜ்_தாத்தா:

கரண்ட் போனா டிரம்முல காத்து தீந்துடும், காத்தில்லாத கிருமி வேலையை ஆரம்பிக்கும், அந்த முட்டை வாடை அதோடது. மூணு மணி நேரத்துக்கு மேல நின்னா, திரும்ப ஓட விடும்போது டிரம்முல இருந்து வர்ற முதல் தண்ணியைத் தொட்டிக்கு விடாம வெளிய விட்டுடுங்க.

டீ நிறத்துக்கு ஒண்ணு கேக்கறேன். தொட்டிக்கு மேல மரம் ஏதாவது இருக்கா?

செம்பாக்கம்_வாத்துவீடு:

பக்கத்து வீட்டு பாதாம் மரம். பாதி கிளை நம்ம பக்கம்தான். சிவப்பா இலை கொட்டிட்டே இருக்கும்.

ஸ்லட்ஜ்_தாத்தா:

அதுதான். நாட்டு பாதாம் இலையோட சாயம். கொளத்தூர்ல மீன் வளக்கறவங்க அந்தக் காஞ்ச இலையைக் காசு குடுத்து வாங்கித் தொட்டியில போடறாங்க. உங்களுக்குச் சும்மா விழுது. இலையை மட்டும் அப்பப்போ வலையில அள்ளிடுங்க, அடியில அழுக விடாதீங்க. நிறத்தைப் பத்திக் கவலை வேண்டாம்.

கொளத்தூர்_பம்ப்:

அக்கா, அந்தச் சிவப்பு இலையைக் காய வெச்சுக் கட்டு கட்டினா நான் வாங்கிக்கறேன். நெஜமாத்தான் சொல்றேன்.

செம்பாக்கம்_வாத்துவீடு:

பையன் ஏற்கனவே பொறுக்க ஆரம்பிச்சுட்டான். கட்டுக்கு எவ்வளவுன்னு அவன்கிட்டயே பேசிக்கோங்க தம்பி.